கெல்லிவென் மெட்டு பிறந்த கதை

ஆராதனையில் பாட்டைத் தொடங்கிவைப்பவர் இத்வல். எந்தப் பாட்டானாலும் கடைசி அடிவரை அவர் குரல்தான் முன்னால் நிற்கும். கெல்லிவென் என்ற மெட்டு வரும்போது மட்டும் கடைசி அடியில் வாயை மூடிக்கொள்வார். கை தாளம் போடும். கண் சன்னலுக்குப் போய்விடும். மகள் நெஸ்டா ஏழு வயதிலிருந்து இதைக் கவனித்து வந்தாள்.

"தன் மெட்டைத் தானே ரசிக்கிறான் பாரு," என்று சுரங்கத்துக்காரர்கள் கேலி செய்வார்கள். "அடுத்த வாரம் அவனே கைதட்டிக்குவான்."

மெட்டு அவருடையதென்று பாமாலைப் புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது. வேல்ஸின் அந்தக் கரிப் பள்ளத்தாக்கில் அது சின்ன விஷயமில்லை. 'மெட்டுக்காரர் மகள்' என்றுதான் சபையார் பணம் சேர்த்து நெஸ்டாவைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அவள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை.

கரித்தூள் நெஞ்சை அடைத்து இத்வல் படுக்கையில் விழுந்த வசந்தத்தில், புத்தகக் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. புதுப் பதிப்பில் ஒவ்வொரு மெட்டின் கீழும் அது பிறந்த கதையை நாலு வரியில் போடப் போகிறார்களாம்.

விடுமுறைக்கு வந்திருந்த நெஸ்டா பேனாவோடு கட்டிலருகே உட்கார்ந்தாள். "சொல்லுங்கப்பா, எழுதறேன்."

இத்வல் வெகுநேரம் இருமினார்.

"அது ஹாப்கினோட மெட்டும்மா."

நான்கு வீடு தள்ளியிருக்கும் ஓல்வென் அத்தையின் கணவர் ஹாப்கின். சுரங்கத்தில் அப்பாவோடு தோளோடு தோள் நின்று கரி வெட்டியவர். நிலத்தடியில் காலி வண்டிக்காகக் காத்திருந்த ஒரு நாள் அவர் இந்த மெட்டை முணுமுணுத்தார். இத்வல் அதை நிரம்பிய வண்டியின் பக்கப் பலகையில் சாக்கட்டியால் ஸ்வரம் ஸ்வரமாக எழுதினார். எழுதி முடித்ததும் வண்டி மேலே போய்விட்டது. ஹாப்கின் சிரித்துச் சிரித்து மறுபடி பாடினார்.

சபைப் போட்டிக்கு அதை ஹாப்கின் பெயரில் அனுப்ப முடியவில்லை. குடித்துவிட்டு ஆராதனைக்கு வந்ததற்காக அவரைச் சபையிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

"உன் பேரைப் போடுடா," என்றாராம் ஹாப்கின். "என் பேரைப் பாத்தா மெட்டுலயும் சாராய வாடை வருதும்பாங்க."

போட்டி வழக்கப்படி புனைபெயரில், அனுப்பியவர் பெயரைத் தனி உறையில் ஒட்டி அனுப்பிய மெட்டு வென்றது. அந்த உறையைப் பிரித்து, உள்ளே இருந்த பெயரை மேடையில் வாசித்தார்கள்: இத்வல். இரண்டு மாதத்தில் கூரைப்பாறை சரிந்து ஹாப்கின் செத்தார். அடக்கத்தில் அந்த மெட்டைத்தான் பாடினார்கள். கடைசி அடியை இத்வலால் பாட முடியவில்லை. உண்மையைச் சொன்னால் மெட்டைப் புத்தகத்திலிருந்து தூக்கிவிடுவார்கள், தன்னையும் பாட்டைத் தொடங்கும் முன்வரிசையிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயந்தார். பயத்திலேயே பதினெட்டு வருடம் போனது.

"இப்பவாவது எழுதிரலாம்பா." சொன்ன பிறகுதான் நெஸ்டாவுக்கு உறைத்தது. அப்படியென்றால் என்னை யார் மகளென்று கல்லூரிக்கு அனுப்பினார்கள்?

"முதல்ல ஓல்வென்கிட்ட சொல்லணும். நானே போய்ச் சொல்லணும். எழுந்து உக்காந்ததும் போறேன்."

அவர் எழுந்து உட்காரவேயில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்த மறுநாள், ஹாப்கின் பெயரைப் போட்டுத் தானே எழுதிய கதையோடு நெஸ்டா ஓல்வென் வீட்டுக்குப் போனாள். ஓல்வென் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கடைசி வரிவரை படித்தாள்.

"எனக்குத் தெரியும் கண்ணு."

"அத்தை?"

"முதுகைக் கழுவினா பலம் போயிடும்னு சுரங்கத்துக்காரங்க நம்பிக்கை; என் வீட்டுக்காரரும் என்னைத் தேய்க்க விடமாட்டாரு. தொட்டியில உக்காந்து இதையேதான் பாடிட்டிருப்பாரு. கெல்லிவென் அவர் பொறந்த பண்ணை. மெட்டுக்கு அந்தப் பேரை வெச்சா போதும்னு உங்கப்பா நெனச்சுட்டாரு."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நானா கேக்கணும்? நாலு வாசல் தள்ளித்தானே இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், இன்னிக்கு உங்கப்பா வந்து சொல்லுவாருன்னு டீக்குக் கெட்டில் போட்டு வெப்பேன்."

நெஸ்டா அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "இதை அனுப்பட்டுமா, அத்தை?"

"அனுப்பு. அவரு பேரு அச்சுல வரட்டும்." ஓல்வென் தாளை மடித்து அவள் கையில் வைத்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா இதை எங்கிட்ட சொல்ல வேண்டியது நீ இல்லியே, கண்ணு."