கட்டம் போட்ட உள்பாவாடை

எங்கள் கடையில் கேட்டது இல்லாவிட்டால், இல்லை என்று சொல்லி நிறுத்தக் கூடாது. சிதம்பரம் மேலவீதியில் ஒரு ஜவுளிக்கடையின் முதல் மாடியில் ஐந்து வருடமாக நிற்கிறேன். சேர்ந்த அன்று சொல்லித்தந்த பாடம் அது. இல்லாததைக் கேட்டால் அதற்குப் பக்கத்தில் உள்ளதை எடுத்து விரி, ஆள் யோசிப்பதற்குள் நாலு விரி. அது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. அதனால்தான் ஒருத்தியைக் கைவிடப் பார்த்தேன்.

முதலாளியின் மனைவியை நாங்கள் அம்மா என்போம். பெண்கள் டிரையல் ரூம் கதவின் உள்பக்கம் அவர் ஒரு தாள் ஒட்டியிருந்தார். கூட வந்தவர்களால் பயம் என்றால் விற்பனைப் பெண்ணிடம் கட்டம் போட்ட உள்பாவாடை கேளுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கும். அப்படி ஒரு பாவாடையை யாரும் தைப்பதில்லை, தெரியாமல் யாரும் கேட்டுவிட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. கேட்டால், மேலே ஸ்டாக்கில் இருக்கிறது என்று சொல்லி, அவளை மட்டும் இரண்டாம் மாடித் தையல் அறைக்குக் கூட்டிப்போக வேண்டும். மிச்சம் அம்மா பொறுப்பு. ஒட்டி ஒரு வருடமாகியும் யாரும் கேட்கவில்லை. "எனக்கு ஒரு கட்டம் போட்டது குடுடி, மாமியார் வராங்க" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சிரிப்போம்.

கத்திரி வெயிலில் அவள் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு பக்கம் புருஷன், இன்னொரு பக்கம் மாமியார். முழுக்கை சுடிதார்தான் வேண்டும் என்றான் அவன். இந்த வேக்காட்டில் முழுக்கையா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. டிரையல் ரூமிலிருந்து வெளியே வந்தவள் நேராக என்னிடம் வந்தாள். மாமியார் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

"அக்கா, கட்டம் போட்ட உள்பாவாடை இருக்கா?"

என் முன்னால் இன்னும் மூன்று பேர். நான் நிமிரக்கூட இல்லை. "கட்டம் போட்டதுலாம் வராதும்மா. பிளைன்ல எல்லா கலரும் இருக்கு, பாருங்க" என்று வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லி, பத்து நிறத்தை விரித்துப் போட்டேன். அவள் "சரிக்கா" என்று ஒரு நீலத்தை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

மீதியை மடிக்கும்போதுதான் உறைத்தது. போட்டது போட்டபடி கீழே ஓடினேன்.

பில் போட்டு முடித்து, கவர் வாங்கும் இடத்தில் நின்றார்கள். காட்டுமன்னார்கோயில் பஸ் போயிடும் என்று அவன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். கவர் கைக்கு வந்தால் போய்விடுவார்கள். பாவாடை இருக்கிறது என்று இப்போது சொன்னால், வேணாம் என்று அவன் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. கடைசியில் கைகொடுத்தது அதே விரித்துப் போடும் புத்திதான்.

"சார், உங்க பில்லுக்கு ஒரு சுடிதார் ஃப்ரீ. சொல்ல மறந்துட்டாங்க. அளவு பாத்துத்தான் குடுப்போம். அவுங்க மட்டும் மேல வந்தா போதும்."

"நானும் வரேன்" என்றார் மாமியார்.

"சின்ன ரூமும்மா. நீங்க உக்காருங்க, உங்களுக்கும் ஒரு காட்டன் புடவ எடுத்து வைக்கச் சொல்றேன்."

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார்கள். உட்கார்ந்துவிட்டார். "சீக்கிரம் வாங்கிட்டு வா" என்றான் அவன்.

அவள்தான் அசையவில்லை. என்னை இன்னொரு தடவை நம்ப அவளுக்கு என்ன தலையெழுத்து? "நீ கேட்ட கட்டம் போட்டதும் மேலதாம்மா இருக்கு, இப்பதான் பாத்தேன்" என்றேன். அவள் படியில் கால் வைத்தாள்.

அவளை அம்மாவிடம் விட்டுவிட்டு இறங்கி வந்து, முக்கால் மணி நேரம் அவனுக்குச் சட்டை காட்டினேன். "அளவு எடுக்குறாங்க சார்", "ஊசி மாத்துறாங்க சார்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கண் படியிலேயே இருந்தது. ஒரு சட்டையை மேலே வைத்துப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்றான். "உங்களுக்கு நல்லா இருக்கு சார்" என்றேன். பழக்கதோஷம். அந்த வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. அம்மா போன் போட்டு, மகளிர் காவல் நிலையத்திலிருந்து இருவர் சாதாரணப் புடவையில் வந்து, பின்படி வழியாக அவளைக் கூட்டிப் போன பிறகுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது.

இப்போது கடலூரில் தன் தாயோடு இருக்கிறாள். அவள் கையில் முழங்கை வரை சூடு போட்ட தழும்புகளாம். மறுநாள் அவளைப் பெற்றவள் ஒரு விசேஷத்துக்கு வருவதாக இருந்தாள், அதற்குத்தான் முழுக்கை. இதை அம்மா மறுநாள் காலையில் சொன்னார். தையல் அறையில் அவள் சொன்ன இன்னொன்றையும் சொன்னார்.

"அந்தக்கா இல்லன்னாங்க. சரி, நமக்கு எங்கயும் இல்லன்னு நெனச்சிதான் படி எறங்கினேன்."

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

போன வாரம் ஒரு பெண் கைக்குழந்தைக்கு மழைக்கோட்டு கேட்டாள். எங்கள் கடையில் மழைக்கோட்டு என்றைக்கும் இருந்ததில்லை. "இருங்க, பாத்துட்டு வரேன்" என்று இரண்டாம் மாடி வரை ஏறிப்போய், சும்மா நின்றுவிட்டு, இறங்கி வந்து, அவள் முகத்தை நன்றாகப் பார்த்த பிறகுதான் இல்லை என்று சொன்னேன்.