அம்மாவைச் சத்தமில்லாமல் அனுப்பினோம்

எங்கள் பக்கத்துப் பனியில் தப்புப் பறையின் தோல் தளர்ந்துவிடும். அதனால் விடியுமுன்னே தப்புக்காரர் எங்கள் வரிசை வீடுகளின், அதாவது லயத்தின் வாசலில் சருகு கொளுத்தி அதைக் காய்ச்சுவார். இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கம், வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்துத் தேயிலைத் தோட்டம் அது. தப்பு அடித்தால் எழுந்து, அன்றைய வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடி வரிசையில் நிற்க வேண்டும். ஆள் செத்தாலும் அதே தப்புதான், அடி மட்டும் வேறு. அதைக் கேட்டுத்தான் மலைக்கு மலை சாவுச் செய்தி போகும்.

அம்மா ஆயுசெல்லாம் கொழுந்து எடுத்தவள். படுக்கையில் விழுந்த பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "இந்தத் தப்பு என்னைய ஒருநாளும் தூங்கவிட்டதில்ல. போறப்பவாச்சும் சத்தமில்லாம அனுப்புங்க, ஆத்தா." சரி என்றேன். நான் சரி என்று சொன்னால் அதில் மாற்றமில்லை.

ஒரு காலையில் அம்மாவின் மூச்சு நின்றது. தப்புக்காரர் தப்போடு வந்துவிட்டார். வேண்டாம் என்று நான் சொன்னதும் அண்ணன் பாய்ந்தார்.

"அநாதப் பொணமாடி அது? நாளைக்குப் பெரட்டுல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?"

"ஒங்க மூஞ்சிக்காகவா அண்ணே அம்மா செத்துச்சு?" என்றேன்.

தப்புக்காரர்தான் குறுக்கே வந்தார். "காலங்காத்தால அந்தம்மாகிட்ட நான் வாங்காத ஏச்சில்ல. இன்னைக்கும் அடிச்சா எந்திரிச்சு வந்து ஏசும். விடுங்க தம்பி." அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அவர் தப்பைச் சுவரோரம் சாத்திவிட்டுக் குழி வெட்டப் போனார்.

தேயிலைக்கு நடுவே அம்மாவைத் தூக்கிப் போனபோது கால் சத்தம் மட்டும் கேட்டது. மறைப்பானேன், எனக்குப் பெருமையாகவே இருந்தது.

சாயங்காலம் கீழ்மலை லயத்திலிருந்து ஓர் அத்தை வந்தாள். அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்த சிநேகிதி. எந்தச் சாவையும் தப்பே சொல்லிவிடும் என்று பழகிப்போனதால், கீழ்மலைக்கு ஆள் அனுப்ப எனக்குத் தோன்றவே இல்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் யாரோ பேசியதைக் கேட்டு, முதுகுக் கூடையைக்கூட இறக்காமல் ஏறி வந்திருந்தாள்.

"மொகத்தக்கூடக் காட்டலியேடி" என்றாள். அம்மா கேட்டுக்கொண்டதைச் சொன்னேன்.

"சத்தம் வேணாம்னு சொன்னா, சரி. நான் வேணாம்னு சொன்னாளா?"

செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். ஒரு வாய்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு எங்கள் வாசலை அவள் மிதிக்கவில்லை.

செத்தவர் சொல்லைக் காப்பாற்றத்தான் வேண்டுமா என்று பிள்ளைகள் இப்போது கேட்கிறார்கள். வேண்டும். அன்று தப்பை நிறுத்தியதை இன்றைக்கும் செய்வேன். ஆனால் செத்தவர் வாங்கிக்கொண்ட வாக்கு, இருப்பவருக்கும் சேர்த்து யோசித்ததாக இருக்காது. இருப்பவரை யோசிக்கிற அந்தப் பாதி நம் தலையில்தான் விழும். நான் அதை யோசிக்கவில்லை. என்னை எரிப்பதோ புதைப்பதோ, மேளம் வைப்பதோ விடுவதோ அவர்கள் பாடு. யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் எனக்குத் தெரிந்த கோணல் எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். போனில் சொன்னால் போதாது, ஆள் போக வேண்டும். முதல் பெயர் அந்த அத்தையின் மகளுடையது.