அம்மாவின் சேலையில் ஒரு தொட்டில்

எண்பதுகளில் செந்தூலில் நான் பிள்ளை பெற்றபோது உடனிருக்க யாருமில்லை. கணவர் லோரியோடு வெளியூர் போயிருந்தார். இறந்துபோன அம்மாவின் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தொட்டில் கட்டினேன். பாச்சா உருண்டை நெடி அடித்தது. எனக்கு அதுதான் அம்மா வாசம்.

இரண்டே நாளில் பிள்ளை மஞ்சளாகிவிட்டான். அதே சேலையில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தாதி முகர்ந்து பார்த்தார்.

"ஐயோ அக்கா, பாச்சா உருண்டையா? ஜி6பிடி குறைவுன்னு கார்டு குடுத்தோம்லா! ரத்தச் சிவப்பணுவைக் காப்பாத்துற புரோட்டீன் அது. இந்த நெடிக்கே அணு உடைஞ்சு பிள்ளை மஞ்சளாகும். தாய்கிட்டேருந்து வர்ற ஜீன்."

பாச்சா உருண்டை ஆகாது என்று கார்டில் எழுதியிருந்ததைப் படித்திருந்தேன். துவைத்தால் வாசம் போய்விடுமே என்றுதான் துவைக்கவில்லை.

பிள்ளை பிழைத்தான். சேலையைத் துவைத்து வெயிலில் போட்டேன். இப்போது அது வெறும் துணி. அம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, ஒருவேளை, அந்த ஜீன் மட்டும்தான்.