சியாகுல்லியில் ஏழு கேரவன்களுக்கு ஓர் இடம்

சென்ற ஆண்டு பிறர் சொல் கேட்டு நான் தேர்ந்த விடுமுறை முகாமில், காரில் கட்டி இழுத்துப்போன நம் ஏழு குடும்பங்களின் கேரவன் வீடுகளும் வாயிலைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டன. ஆதலால் இம்முறை கண்ணால் கண்டதையும் நாடாவால் அளந்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

இத்தாலியின் பலெர்மோ நகர விளிம்பில், சியாகுல்லியின் மாண்டரின் ஆரஞ்சுத் தோப்புக்குள் இருக்கிறது இம்முகாம். வாயிலின் அகலம் மூன்று மீற்றர். நம் வண்டிகள் தாராளமாக நுழையும். நாடாவின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் இங்கே துப்புரவுப் பணி செய்யும் முல்லைத்தீவுக்காரர் சுகந்தி. உள்ளே வண்டியைத் திருப்ப இடமில்லை என்பதை அவர்தாம் காட்டுகிறார்.

“அண்ணை, போகேக்கை பின்பக்கமாத்தான் எடுக்கவேணும். உங்கடை ஆக்களுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமோ?”

“எல்லாரும் தெரியும் எண்டுதான் சொல்லுகினம்.”

“ஓம், ஆம்பிளையள் அப்பிடித்தான் சொல்லுவினம். மரத்திலை இடிச்சா, தோட்டக்கார அம்மா, அந்தச் சிஞ்ஞோரா, அண்டைக்கே எல்லாரையும் இடத்தை விட்டு எழுப்பிப் போடுவா. எங்கை, நீங்கள் ஒருக்கா எடுத்துக் காட்டுங்கோவன்.”

“நான் கேரவன் கொண்டரேல்லை. கார் மட்டுந்தான்.”

“தப்பிச்சிட்டியள்!”

மாலைக்குள் முடிவு சொல்லாவிட்டால் இடம் வேறொரு குழுவுக்குப் போய்விடும். நிழல் உண்டு, குழாயில் தண்ணீர் வருகிறது, இரண்டும் சோதித்தவை. எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன்.

என்னையும் சேர்த்து எழுவரில் எவருக்குக் கேரவனைப் பின்னோக்கி ஓட்டத் தெரியும் என்பது மட்டும் இதுவரை சோதிக்கப்படவில்லை.