அலுமினியத்தில் விழுந்த ஊசித் துளைகள்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பற்றவைப்பில் கோளாறு வந்தால் படித்தவர்கள் நாலு பேரைக் கேட்டு, ஒவ்வொன்றாகச் சோதித்துக் காரணம் கண்டுபிடிப்பார்கள். எனக்கு முதலில் ஆள்மேல்தான் சந்தேகம் வரும்.

திருவொற்றியூர் ஷெட்டில் நாங்கள் இரண்டே வெல்டர்கள். அலுமினியம் பற்றவைக்கும் மிஷின் என்னிடம். இரும்பு கேட் வேலை இன்னொருவரிடம். ராயபுரத்துக்காரர், என் வயதுதான். அந்த வாரம் ஒரு படகுக்கு அலுமினியக் குழாயில் ஏணிகள் செய்தேன். படகுக்காரர்களின் ஆட்கள் வந்து இணைப்புகளில் சிவப்புத் திரவம் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்துச் சோதிப்பார்கள். துளை இருந்தால் பொடியில் சிவப்பு கசியும். முதல் ஏணியில் அம்மை போட்ட மாதிரி புள்ளிகள்.

ஓனர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சனிக்கெயம திரும்ப பாக்க வராங்கோ. அன்னிக்கும் புள்ளி வந்துச்சுன்னா நீ கேட் வேலைக்கு போய்டு. மிஷினுக்கு வேற ஆள் போட்டுக்கிறேன்."

அந்த மிஷினில் உட்கார ஆறு வருஷம் கேட் பற்றவைத்துக் காத்திருந்தவன் நான்.

முதலில் கேஸ் கம்பெனிக்காரனைச் சந்தேகப்பட்டேன். உருகும் இடத்தில் காற்றுப் படாமல் மூடுகிற ஆர்கான் கேஸில் ஈரம் கலந்து வருகிறதோ என்று சிலிண்டரை மாற்றினேன். புள்ளி போகவில்லை. கடல்காற்று கேஸைக் கலைக்கிறதோ என்று தார்பாய் கட்டி மறைத்தேன். போகவில்லை. அப்புறம் பிரஷ். அலுமினியம் தேய்க்கிற பிரஷ்ஷை இரும்பில் தேய்த்துவிட்டால் அந்த அழுக்கு அலுமினியத்தில் ஏறிக் கெடுக்கும். என் பிரஷ்ஷின் பிடியில் ஒரு கறுத்த கைத்தடம். பக்கத்தில் இரும்புக்காரர். வேறென்ன நினைப்பேன்?

பிரஷ்மேல் ஒரு தலைமுடியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் முடி வைத்த இடத்திலேயே இருந்தது. பிரஷ்ஷை எடுத்துவிட்டு முடியைத் திரும்ப வைத்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது.

உருக்கிச் சேர்க்கிற அலுமினிய ராடுகளை மட்டும் நான் ஷெட்டில் விடுவதில்லை. பத்து நாளாகப் பிளாஸ்டிக் பைப்பில் போட்டு வண்டியில் கட்டி வீட்டுக்கே கொண்டுபோய்விடுவேன். அதில் யாரும் கைவைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் அவரிடம் கேட்டேவிட்டேன்.

"என் பிரஷ்ஷ எட்த்தியா?"

"எட்த்து பல்லு வெளக்கவா? இன்னா மாமு, நாலு நாளா மொறச்சிகினே கீற?"

"மிஷின் மேல உனக்கு ஒரு கண்ணு கீது."

"கீது. அதுக்கு உன் குழாயில நான் ஓட்ட போட்டேனா? ராடு இல்லாம, வெறும் குழாய மட்டும் உருக்கிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. இவர் ஏன் வழி சொல்கிறார் என்று அதையும் யோசித்துக்கொண்டே ஒரு துண்டுக் குழாயை உருக்கினேன். உருகிய அலுமினியக் குளம் கண்ணாடி மாதிரி மின்னியது. ராடைத் தொட்டேன். உடனே பொரிந்து கரி படிந்தது.

அவர் ராடைப் பிடுங்கி மோந்தார். "அடப்பாவி! சங்கரா மீனு வறுத்த வாசன வருதுடா. எங்க வெச்சிகினு கீற இத்த?"

கடல் ஈரம் ஏறாமல் இருக்கட்டும் என்று ராடுகளைப் பைப்பிலிருந்து எடுத்து, வீட்டில் அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைத்திருந்தேன். ஒற்றை அறை வீடு. தினமும் மீன். சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு ராடைத் துடைத்தோம். துணி மஞ்சளானது. மாலைவரை மொத்தத்தையும் துடைத்தோம். கெட்ட இணைப்புகளைக் குடைந்தெடுத்து மறுபடி பற்றவைத்தேன்.

சனிக்கிழமை வெள்ளைப் பொடி காய்கிறவரை நான் ஏணியைப் பார்க்கவில்லை, சோதிக்க வந்தவரின் முகத்தையே பார்த்தேன். அவர் குனிந்தார். ஏணியின் கீழ்ப்படியிலேயே ரொம்ப நேரம் கண்ணை வைத்திருந்தார். பிறகு, "புள்ளி இல்ல, எட்த்துனு போலாம்" என்றார்.

இப்போது ராடுகள் அந்த இரும்புக்காரரின் லாக்கரில். சாவியும் அவரிடம். காலையில் அவர் திறந்ததும் முதல் வேலையாக ஒரு ராடை எடுத்து மோந்து பார்க்கிறேன்.

"இன்னிக்கு இன்னா மீனு?" என்பார்.

ஒன்றுமில்லை என்று தலையாட்டுவேன். ஆனாலும் துணியை நனைத்து ஒரு தடவை துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெல்டிங் டார்ச்சைத் தொடுவேன்.