பெரிய தாத்தாவுக்குக் கச்சாங்

தீபாவளிப் படையலுக்கு வெற்றிலையும் சுருட்டும் வாங்க இன்று பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன்.

கையில் பெரிய தாத்தாவின் படம், கண்ணாடி மாற்றி வாங்கியது. தாத்தாவின் அண்ணன். முதல் உலகப் போருக்குச் சிப்பாயாகப் போனவர், திரும்பி வரவில்லை.

கடைக்கார அக்கா எட்டிப் பார்த்தார். "யாரு இந்தப் பையன்?"

"எங்க பெரிய தாத்தா. சாகும்போது பத்தொன்பது வயசு."

"இவருக்கா வெத்தலையும் சுருட்டும் வைக்கிறீங்க? பாவம் லா!"

வெற்றிலையோடு வறுத்த கச்சாங், வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றையும் பையில் போட்டார். "பசிக்கிற வயசு. இதையும் வைங்க."

ரயிலில் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மீசை இப்போதுதான் அரும்புகிறது. என் மகனைவிடச் சின்னவர்.

இத்தனை தலைமுறையாக வெற்றிலையைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டுப் படையலிலும் இப்படித் தாத்தாவாக்கப்பட்ட பையன் உண்டா? அவருக்கு என்ன வைக்கிறீர்கள்?