நரி முகத்தில் முழித்த கோமதி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. எதிர்வீட்டு செண்பகம் போனை நீட்டிக்கொண்டே எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, கோமதி வீடியோல வாரா. இங்கன பாருங்க."

கோமதி அவர் மகள். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அந்த ஊர் லைசென்ஸ் எடுத்து வேன் ஓட்டினால்தான் வேலை நிரந்தரம். டிரைவிங் டெஸ்ட்டில் மூன்று முறை ஃபெயில். அன்று மதியம் நான்காவது முறை. அதற்கு முன் ஓர் இனாரி கோயிலுக்குப் போயிருந்தாள்.

திரையைப் பார்த்தேன்... அடடா. மலை மேல் வரை சிவப்பு வாசல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, நூற்றுக்கணக்கில். தொழில் செழிக்க வேண்டிக்கொண்டவர்கள் காணிக்கையாக நட்டவையாம். இனாரி, நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் உரிய தெய்வம். அதன் தூதுவர் யார் தெரியுமா? நரி. கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய கல் நரிகள் எங்கு பார்த்தாலும் உட்கார்ந்திருந்தன.

"வாயில நெல்லுக் கதிருல்லா வச்சிருக்கு," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் செண்பகம். பாம்புப் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பூசி வளர்ந்த சங்கரன்கோவில்காரருக்கு நரி மட்டும் அந்நியமா என்ன?

கோமதி குறிச்சீட்டு எடுத்தாள். டப்பாவைக் குலுக்கினால் ஒரு குச்சி விழும். அதிலுள்ள எண்ணுக்கு ஒரு சீட்டு. பிரித்துப் பார்த்தவள் முகம் சுருங்கியது.

"கெட்ட சீட்டும்மா. நான் அடுத்த மாசம் டெஸ்ட்டுக்குப் போறேன்."

எனக்கே திக்கென்றது. செண்பகமோ நல்ல நேரம் பார்க்காமல் மளிகைக் கடைக்குக்கூடப் போகாதவர். சரி, நிறுத்தத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏட்டி, அங்கன கெட்ட சீட்டு வந்தா என்ன செய்வாவ?"

"கோயில் கம்பில கட்டிட்டு வந்துருவாவ. கெட்டது அங்கனயே நின்னுரும்பாவ."

"அப்பக் கட்டு. கட்டிட்டு, அந்த நரியப் பாரு. நரி முகத்துல முழிச்சா அதிர்ஷ்டம்னு நம்ம ஊர்ல சொல்லுதோம்லா? நீ ஒரு நரியா பாத்திருக்க? போயி வண்டிய எடுட்டி."

கோமதி சிரித்துவிட்டாள். சீட்டை முடிச்சுப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த நாலரை மணி நேரம்... செண்பகம் உலை வைக்க மறந்தார். நான் பத்திரிகைக்கு இந்த வாரப் பத்தியை எழுத உட்கார்ந்து, ஒரு வரிகூட எழுதவில்லை. பதினொன்றரைக்கு மெசேஜ் - 'பாஸ்மா'.

செண்பகம் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. அதச் சொன்னா புள்ளைக்குக் கை நடுங்கும்லா?"

அதிர்ஷ்டம் என்கிறோமே... அதில் பாதி, தன் பயத்தை மறைத்துக்கொண்டு 'போயிட்டு வா' என்று சொல்ல ஓர் ஆள் இருப்பதுதானோ?

மீதிப் பாதியையும் விடுவானேன் - என் போன் வால்பேப்பரில் இப்போது அந்த நரிதான்.